ஊதா லேசரில் எது ஒளிரும், எது ஒளிராது?

ஊதா நிற லேசர் பேனா ஒன்றை வாங்கிய நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. அந்தப் பேனாவை மஞ்சள் ஹைலைட்டரால் போட்ட கோட்டின் மீது காட்டியதும் கோடு பச்சையாகப் பளிச்சிட்டிருக்கிறது. அதே பேனாவைத் தாம் சேர்த்து வைத்திருக்கும் கனிமக் கற்கள் மீது காட்டியபோது சில கற்கள் மங்கலாக ஒளிர்ந்தன, பல சிறிதும் ஒளிரவில்லை. சிவப்பு லேசரில் ஹைலைட்டர்கூட ஒளிரவில்லை. இன்னும் திறன் கூடிய ஊதா லேசரை வாங்கினால் எல்லாக் கற்களும் ஒளிருமா என்று அவர் கேட்கிறார்.

ஒளிராது என்பதே என் பதில். இங்கே திறனைக் கூட்டுவதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு, அதனால் கண்ணுக்கு வரும் ஆபத்தோ மிகப் பெரியது. ஒரு பொருள் ஒளிருமா என்பது, லேசரின் நிறத்தை அந்தப் பொருள் உட்கவர்கிறதா என்பதையும், உட்கவர்ந்த ஆற்றலை அது ஒளியாகவே திருப்பித் தருகிறதா என்பதையும் பொறுத்தது. இந்தப் பொருத்தம் இருந்தால் ஒரு மில்லிவாட்டே போதும். அது இல்லாவிட்டால் ஆயிரம் மில்லிவாட் இருந்தும் கல் சூடாவதைத் தவிர வேறொன்றும் நிகழாது.

கடைகளில் ஊதா லேசர் என்று விற்கப்படுவது பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ளது. பலர் இதை யு.வி. லேசர் என்கிறார்கள், ஆனால் இது புறஊதா அன்று. புறஊதா 400 நானோமீட்டருக்குக் கீழே தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். 405 என்பது கண்ணால் காணக்கூடிய ஒளியின் கடைசி ஓரம். கேலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியில் இந்த நிறத்தைத் தரும் லேசரை 1990-களின் நடுவில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா உருவாக்கினார். நீல எல்.இ.டி.க்காக 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். புளூ-ரே வட்டுகளைப் படிப்பதும் இதே 405 நானோமீட்டர் லேசர்தான். அந்தத் தேவைக்காகப் பெருமளவில் உற்பத்தியானதால்தான் இன்று இது மலிவாகக் கிடைக்கிறது.

சிவப்பு லேசர் ஏன் தோற்றது என்பதை முதலில் பார்ப்போம். ஒளியின் ஆற்றல் ஃபோட்டான் எனப்படும் சிறு பொட்டலங்களாகவே ஒரு மூலக்கூறைச் சென்றடைகிறது. 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான்வோல்ட் அலகில் கிடைத்துவிடும். 650 நானோமீட்டர் சிவப்புக்கு இது சுமார் 1.9, 532 நானோமீட்டர் பச்சைக்கு 2.3, 405 நானோமீட்டர் ஊதாவுக்கு 3.06. ஹைலைட்டர் உமிழும் பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான்வோல்ட் தேவை. 1.9 மட்டுமே கொண்டுவரும் சிவப்பு ஃபோட்டானால் அதைத் தர இயலாது. சாதாரண ஒளியில் ஒரு மூலக்கூறு ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானையே ஏற்கும், இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்துக் கணக்கை நிறைவு செய்துகொள்ளாது. எட்டடிச் சுவரைத் தாண்ட வேண்டியவருக்கு நாலடி ஏணிகளை நூறு கொடுத்தாலும் அவர் சுவருக்கு இந்தப் பக்கமே நிற்பார். எண்ணிக்கையைப் பொறுத்தவரை எந்த லேசருக்கும் குறையில்லை. 5 மில்லிவாட் ஊதா லேசரே நொடிக்கு ஒன்றுக்குப் பின் பதினாறு சுழிகள் கொண்ட எண்ணிக்கையில் ஃபோட்டான்களை அனுப்புகிறது.

உட்கவரப்பட்ட ஒளியைவிட உமிழப்படும் ஒளி நீண்ட அலைநீளம் உடையதாக இருக்கும் என்ற விதியை 1852-இல் வெளியிட்டவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, மலேரியா மருந்தான குவினைனின் கரைசல் உள்ள சோதனைக் குழாயைச் சிவப்பிலிருந்து ஊதா நோக்கி நகர்த்திச் சென்றபோது, நிறங்கள் இருந்த இடத்தில் கரைசல் மாறாமல் இருந்தது. ஊதாவின் முடிவை எட்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டுப் பகுதிக்குள் குழாய் நுழைந்ததும் கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. ஃபுளூரைட் என்ற கனிமத்தின் பெயரைக் கொண்டே அவர் இந்நிகழ்வுக்குப் பெயரிட்டார். தமிழில் இதை உடனொளிர்தல் என்கிறோம். ஃபோட்டானை ஏற்ற மூலக்கூறு முதலில் அதிர்ந்து, கிடைத்த ஆற்றலில் ஒரு பகுதியை நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் வெப்பமாகச் சுற்றுப்புறத்துக்கு விட்டுவிடுகிறது. பிறகு ஆற்றல் ஏறிய அந்த நிலையின், அதாவது கிளர்வுநிலையின், அடிமட்டத்தில் சில நானோநொடிகள் தங்கி, எஞ்சிய ஆற்றலை ஒரு ஃபோட்டானாக உமிழ்கிறது. எந்த நிறத்தால் கிளர்த்தினாலும் மூலக்கூறு அதே அடிமட்டத்திலிருந்துதான் உமிழ்கிறது. ஆகவே ஒரு சாயத்தின் ஒளிர்வு நிறம் பொதுவாக மாறுவதில்லை, பிரகாசம்தான் மாறும்.

ஹைலைட்டர் அவ்வளவு பளிச்சென்று ஒளிர்ந்ததற்கு இந்தப் பொருத்தமே காரணம். பல மஞ்சள் ஹைலைட்டர்களில் பைரனின் என்ற சாயம் இருக்கும். அதன் ஒரு வடிவம் ஏறத்தாழ 405 நானோமீட்டரிலேயே உச்ச அளவில் உட்கவர்கிறது, மற்றொரு வடிவத்தின் உச்சம் 450-க்கு அருகில் உள்ளது. எந்த வடிவத்தில் தொடங்கினாலும் உமிழ்வு 510 நானோமீட்டர் அளவில், பச்சையாக வருகிறது. இந்தச் சாயத்துக்கென்றே செய்த லேசர் போலப் பொருந்திவிட்டதால் சில மில்லிவாட்டே போதுமானதாயிற்று. அந்தக் கோட்டைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். சுண்ணாம்புச் சுவரில் விழும் லேசர்ப் புள்ளி மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக மினுக்கும், தலையை அசைத்தால் அந்தப் பொரிகளும் நகரும். லேசர் அலைகள் ஒன்றோடொன்று ஒழுங்காக இணைந்து நிற்பதால் வரும் விளைவு அது. ஹைலைட்டர் கோட்டில் விழுந்த பச்சைப் புள்ளியிலோ அந்த மினுக்கம் இருக்காது, வழவழப்பாக, விளக்கொளி போலத் தெரியும். நீங்கள் காணும் பச்சை லேசர் ஒளி அன்று. ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனி நேரத்தில், தனித்தனித் திசையில் உமிழ்ந்த புதிய ஒளி அது.

நம் வீடுகளில் உள்ள பொருள்களில் ஊதா லேசருக்கு மிகச் சிறந்த துணை மஞ்சள் தூள் என்பது என் கருத்து. மஞ்சளில் உள்ள குர்குமின், ஆல்கஹாலில் கரைந்திருக்கும்போது 425 நானோமீட்டர் அளவில் மிக வலுவாக உட்கவர்ந்து, மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்கிறது. ஒரு சிட்டிகைத் தூளைக் கை சுத்தம் செய்யும் ஸ்பிரிட்டில் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் சிறு கண்ணாடிக் குப்பியில் இறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெளிவு அடர்த்தியாக இருந்தால், லேசர் நுழையும் கண்ணாடிச் சுவரின் ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைப் பொட்டு தோன்றும். முதல் மில்லிமீட்டரிலேயே ஒளி முழுவதும் உட்கவரப்பட்டுவிடுவதால் உள்ளே செல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. இன்னும் ஸ்பிரிட் சேர்த்து, வெளிறிய எலுமிச்சை நிறம் வரும்வரை நீர்த்துப் போகச் செய்தால், குப்பியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நூல் பிடித்தாற்போல் ஒரு பச்சைக் கோடு நிற்கும். வெளியே ஊதா, உள்ளே பச்சை. சாயம் குறையக் குறைய ஒளிர்வு நன்றாகத் தெரிவது முதலில் வியப்பூட்டும். அதே தூளை வெறும் தண்ணீரில் கலக்கினால் இந்த அழகு இல்லை. குர்குமின் தண்ணீரில் கரைவது அரிது, கரைந்த சிறிதளவும் அங்கே ஆற்றலை வெப்பமாகவே இழந்துவிடுகிறது. ஒளிர்வு என்பது பொருளின் குணம் மட்டுமன்று, அது எதில் கரைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் அறியேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது. அடுப்பருகே இதைச் செய்ய வேண்டாம். அந்தக் கரைசலை வெளிச்சத்தில் நாள்கணக்கில் வைத்தால் ஒளிர்வு குறைந்துகொண்டே வரும். துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள், இங்கேயும் அதே சிதைவுதான் நடக்கிறது.

ஒரு பொருள் உண்மையிலேயே ஒளிர்கிறதா, லேசரைச் சிதறடிக்க மட்டும் செய்கிறதா என்ற ஐயம் வரும்போது ஆரஞ்சு நிற வடிகட்டி ஒன்றே தீர்வு சொல்லும். கலர் பேப்பர் கடையில் கிடைக்கும் ஆரஞ்சு செலோஃபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து அதன் வழியே ஒளிரும் பரப்பைப் பார்த்தால், சிதறிய ஊதா மறைந்துபோகும், உடனொளிர்வில் உள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு மட்டும் தாளைக் கடந்து வரும். ஒன்றுமே தெரியாவிட்டால் அந்தப் பொருள் ஒளிரவில்லை என்று கொள்ளலாம். நீலமாக ஒளிரும் பொருள்கள் மட்டும் இந்தச் சோதனைக்கு விலக்கு, அந்த நீலத்தையும் தாள் தடுத்துவிடும். இந்த உத்தியும் ஸ்டோக்ஸ் காலத்தது. அவர் தேவாலயச் சாளரத்தின் நீலக் கண்ணாடியை ஒளி வரும் பக்கத்திலும், மஞ்சள் நிற ஒயின் நிறைந்த குவளையைக் கண்ணின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார் என்பர். சர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கொல்கத்தாவில் செய்த ஆய்வின் தொடக்கமும் இதுவே. சூரிய ஒளியை நீலஊதா வடிகட்டி வழியே திரவத்தினுள் செலுத்தி, அதற்கு எதிரான பச்சைமஞ்சள் வடிகட்டி வழியே பார்த்தபோதும் ஒளியின் ஒரு சுவடு எஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் கே.ஆர். ராமநாதன் அதைக் கண்டபோது வலுக்குறைந்த உடனொளிர்வு என்றே கருதப்பட்டது. அந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருந்தது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தது, அது உடனொளிர்வு அன்று என்பதற்குச் சான்றாயிற்று, ராமன் விளைவு பிறந்தது. இரண்டு வடிகட்டிகளை எதிரெதிரே வைப்பது எளிய வேலை, ஆனால் அது காட்டிக்கொடுப்பது மிகப் பெரியது. இதற்குச் செலோஃபேன் தாள் போதும், ஆனால் அந்தத் தாள் ஒருபோதும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உட்கவர்வது மட்டும் போதாது என்பதற்கு முட்டை, இலை, இரத்தம் மூன்றும் சேர்ந்து ஓர் அருமையான பாடம் தருகின்றன. 1883-இல் சுவிட்சர்லாந்தின் சோரே, இரத்தம் 400 நானோமீட்டரைச் சுற்றியுள்ள ஒளியை மிகக் கடுமையாக உட்கவர்வதைக் கண்டறிந்தார். போர்ஃபிரின் என்னும் வளைய வடிவ மூலக்கூறுக் குடும்பம் முழுவதற்கும் இந்தப் பட்டை உண்டு, 405 நானோமீட்டர் லேசர் ஏறத்தாழ அதன் நடுவிலேயே விழுகிறது. பழுப்பு ஓடுள்ள கோழி முட்டையின் நிறத்துக்குக் காரணமான புரோட்டோபோர்ஃபிரின், உலோகம் எதுவும் நடுவில் இல்லாத வெற்று வளையம். இருட்டறையில் அந்த முட்டையின் மீது ஊதா லேசரைக் காட்டினால் புள்ளி ஊதாவாகத் தெரியாது, கனன்ற கரிபோல் செக்கச்செவேலென்று தெரியும். பக்கத்தில் வெள்ளை முட்டையை வைத்தால் அதில் இந்தச் சிவப்பு மிக மங்கலாகவே இருக்கும். பச்சையமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் வளையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. கீரையை ஸ்பிரிட்டில் அரைத்து வடிகட்டினால் கிடைக்கும் பச்சைச் சாறு, லேசர் பட்டதும் இரத்தச் சிவப்பாக ஒளிரும். டேவிட் புரூஸ்டர் 1830-களில் இலைச்சாற்றில் கண்டு குறித்ததும் இந்தச் சிவப்பையே. உயிருள்ள இலையில் இது இவ்வளவு தெரியாது, அங்கே ஆற்றலின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்குப் போய்விடுகிறது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமும் அதே வளையம்தான், ஆனால் நடுவில் இரும்பு. ஊதா ஒளியை மற்ற இரண்டையும் போலவே விழுங்குகிறது, ஆனால் இரும்பு அந்த ஆற்றலை ஒளியாகும் முன்பே வெப்பமாக வடித்துவிடுவதால் ஒரு பொட்டு ஒளியும் வெளியே வருவதில்லை. ஊதா ஒளியில் இரத்தக்கறை கரும்புள்ளியாகத் தெரிவதன் காரணம் அது. தடய அறிவியலார் மங்கிய கறைகளைத் தேடும்போது இந்தக் கருமையைத்தான் தேடுகிறார்கள்.

மருத்துவத்திலும் இதே வேதியியல் பயன்படுகிறது. மூளையில் வரும் ஒருவகைக் கட்டியை அகற்றும் முன், நோயாளிக்கு அமினோலெவுலினிக் அமிலக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கட்டியின் செல்கள் அதிலிருந்து புரோட்டோபோர்ஃபிரினை உண்டாக்கித் தேக்கி வைத்துக்கொள்கின்றன. அறுவைசிகிச்சையின் நடுவே 400 நானோமீட்டரை ஒட்டிய நீலஊதா ஒளியைப் பாய்ச்சினால், சாதாரண வெளிச்சத்தில் நல்ல திசுவிலிருந்து பிரித்தறிய முடியாத கட்டியின் விளிம்பு சிவப்பாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் 2017-இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. முட்டை ஓட்டில் ஒளிரும் மூலக்கூறும் இதில் ஒளிரும் மூலக்கூறும் ஒன்றே.

கற்களுக்கு வருவோம். ஊதா லேசருக்கு நன்றாக இணங்கும் கல் மாணிக்கம். அலுமினியம் ஆக்சைடில் ஊடுருவியிருக்கும் குரோமியம், 400-க்கும் 410-க்கும் அருகில் ஓர் அகன்ற பட்டையிலும், பச்சையில் மற்றொரு பட்டையிலும் உட்கவர்ந்து, 694 நானோமீட்டர் அளவில் ஆழ்ந்த சிவப்பை உமிழ்கிறது. 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக்காட்டிய உலகின் முதல் லேசர் ஒளியும் இந்தச் சிவப்பே. ஆனால் ஒளிர்கிறதே என்று மாணிக்கத்தை அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொழிற்சாலையில் வளர்த்த மாணிக்கத்தில் இரும்பு அநேகமாக இல்லாததால் அது பல இயற்கைக் கற்களைவிடப் பிரகாசமாகவே ஒளிரும். இரும்பு குறைந்த பர்மா மாணிக்கங்கள் நன்றாகவும், இரும்பு மிகுந்த தாய்லாந்து மாணிக்கங்கள் மங்கலாகவும் ஒளிரும். சிவப்பு ஸ்பினலிலும் குரோமியம் இருப்பதால் அதுவும் ஒளிரும். சாதாரணச் சிவப்புக் கண்ணாடியையும் கார்னெட்டையும் ஒதுக்க இந்தச் சோதனை உதவலாம், அதற்கு மேல் இதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

யுரேனியம் கலந்து செய்த பழைய பச்சைக் கண்ணாடிப் பாத்திரங்களும் 405 நானோமீட்டருக்கு நன்றாக இணங்கிப் பளீரென்ற பச்சையாக ஒளிரும். மாறாக, கனிமச் சேகரிப்பாளர்கள் போற்றும் பல கற்கள் இந்த அலைநீளத்துக்கு அப்பால் நிற்கின்றன. நியூ ஜெர்சியின் ஃபிராங்க்ளின் சுரங்கத்திலிருந்து வரும் வில்லமைட் பச்சையாகவும் கால்சைட் சிவப்பாகவும் பளிச்சிடுவது 254 நானோமீட்டர் குறுஅலைப் புறஊதா விளக்கின் கீழ். ஊதா லேசரில் அவற்றிடமிருந்து அதே காட்சியை எதிர்பார்க்க முடியாது. ஃபுளூரைட்டும் நீண்ட அலைப் புறஊதாவில், அதாவது 365 நானோமீட்டரில்தான் தன் நீலத்தை முழுமையாகக் காட்டும். உங்கள் கற்களில் பல மங்கியிருந்ததற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஓரத்தில் நிற்கும் பொருள்களும் உண்டு. டானிக் வாட்டரில் உள்ள குவினைன் 350 நானோமீட்டரில் நன்றாக உட்கவரும், 400-ஐத் தாண்டும்போது ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அதனால் ஊதா லேசரில் அது மங்கிய நீலமாகவே தெரியும். வெள்ளைக் காகிதத்திலும் சலவைத்தூளிலும் சேர்க்கும் வெண்மையூட்டிகளும் அப்படித்தான் விளிம்பில் இருக்கின்றன, ஆயினும் அந்தச் சிறு ஒளிர்வே காகிதத்தில் விழும் ஊதாப் புள்ளியைச் சுவரில் விழும் புள்ளியைவிட நீலவெண்மையாகவும் பிரகாசமாகவும் காட்டப் போதுமானதாகிறது. இன்னொரு எடுத்துக்காட்டு எதிர்த்திசையில் உள்ளது. வெள்ளை எல்.இ.டி.யின் மேல் பூசியிருக்கும் மஞ்சள் பூச்சு, பெரும்பாலும் சீரியம் கலந்த யாக் என்னும் பொருள், 450 நானோமீட்டர் நீலத்தை ஆவலோடு ஏற்கும். 405-க்கு அருகில் அதன் உட்கவர்தலில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஊதா ஃபோட்டானுக்கு நீலத்தைவிட ஆற்றல் அதிகம், இருந்தும் நீலத்திடம் தோற்கிறது. ஆற்றல் மிகுதி மட்டும் வெற்றியைத் தராது.

இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர்கள் தனி வகை. அவற்றில் உள்ள, யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், ஏற்ற ஆற்றலைப் படிகத்தினுள் அதைச் சிக்கவைக்கும் இடங்களில் அடைத்து வைத்து மெல்ல மெல்ல விடுவிக்கிறது. இதற்கு நின்றொளிர்தல் என்று பெயர். அந்தத் தகட்டில் ஊதா லேசரால் பெயர் எழுதினால், பேனாவை அணைத்த பிறகும் எழுத்து பச்சையாகப் பல நிமிடங்கள் நிற்கும். சிவப்பு லேசரால் அப்படி ஒரு புள்ளிகூட வைக்க இயலாது. பள்ளி மாணவர்களுக்கு ஃபோட்டான் ஆற்றலைப் புரியவைக்க நான் எப்போதும் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

இப்போது திறனைப் பற்றி. நாம் பயன்படுத்தும் அளவுகளில் உடனொளிர்வு லேசரின் திறனுக்கு நேர் விகிதத்தில் கூடும். பத்து மடங்கு திறன் கொடுத்தால் பத்து மடங்கு ஒளிர்வு வரும் என்பது உண்மையே. ஆனால் கல்லின் மேற்பரப்பில் சிதறும் ஊதாவும் அதே பத்து மடங்கு கூடும். மங்கலான ஒளிர்வை மறைத்துக்கொண்டிருந்தது அந்தச் சிதறல் என்றால், இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கிறது, நீங்கள் காண்பது முன்பைவிட எள்ளளவும் தெளிவாகாது. விகிதத்தை மாற்றுவது ஆரஞ்சு வடிகட்டியும் இருட்டறையும் பொருந்திய அலைநீளமுமே. சாயங்களில் திறனைக் கூட்டினால் அவை விரைவில் வெளுத்து, ஒளிர்வை நிரந்தரமாக இழந்தும் போகும்.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் சுருக்கப்போவதில்லை. மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சைக்கு மிகக் கூர்மையானது. 405 நானோமீட்டருக்கு அதன் உணர்திறன் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே 5 மில்லிவாட் பச்சை லேசர் கண்ணைக் கூசச் செய்யும் இடத்தில், 100 மில்லிவாட் ஊதா லேசர் சாதுவான மங்கல் புள்ளியாகத் தோன்றும். பிரகாசமான ஒளி பட்டால் நாம் அறியாமலே இமை மூடும். பார்வைக்குரிய லேசர்களில் ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்டவை ஓரளவு பாதுகாப்பானவை என்று வகைப்படுத்தியிருப்பதே அந்த இமையின் வேகத்தை நம்பித்தான். ஊதாவில் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது, ஆனால் விழித்திரையில் குவியும் ஆற்றல் குறைவதில்லை. குறுகிய அலைநீள ஒளி வெப்பத்தால் மட்டுமின்றி ஒளிவேதி வினையாலும் விழித்திரையைக் கெடுக்கவல்லது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் ஏறி ஊதாவின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும், சிறுவர்களின் தெளிந்த லென்ஸில் அந்தத் தடையும் குறைவு. ஊதா லேசரைக் குழந்தைகள் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன்.

ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2013-இல் 122 லேசர் பேனாக்களைச் சோதித்ததில், பச்சைப் பேனாக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன. நான் ஒருமுறை வாங்கிய ஊதா பேனாவில் 5 மில்லிவாட் என்று அச்சிட்டிருந்தது, திறன்மானியில் வைத்தபோது அதன் பத்து மடங்குக்கு மேல் காட்டியது. பார்வைக்கு அது மங்கலாக இருந்ததால், அளந்திராவிட்டால் நான் சிறிதும் ஐயப்பட்டிருக்க மாட்டேன். நேரடிக் கற்றை மட்டுமே ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். கண்ணாடிக் குப்பியின் மேற்பரப்பு, நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். 100 மில்லிவாட் லேசரை மஞ்சள் கரைசல் உள்ள குப்பியின் மீது காட்டினால், குப்பியிலிருந்து 4 மில்லிவாட் கற்றை எங்கோ ஒரு திசையில் கிளம்பும். பட்டை தீட்டிய கற்களுக்கோ முகங்கள் பல, ஒவ்வொன்றும் ஒரு சிறு ஆடி.

எனவே கற்றையைக் கண் மட்டத்துக்குக் கீழே, மேசையை நோக்கிச் சாய்த்தே செலுத்துங்கள், பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்துங்கள், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். 5 மில்லிவாட்டுக்கு மேற்பட்டதென ஐயம் இருந்தால், 405 நானோமீட்டரில் ஒளித்தடுப்பு எண் (OD) 4 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த லேசரை இயக்கவே வேண்டாம். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும் என்று பொருள். அத்தகைய கண்ணாடி ஆரஞ்சு நிறத்தில் இருப்பதால் வடிகட்டியாகவும் பயன்பட்டு, ஒளிர்வை மட்டும் தெளிவாகக் காட்டும். எண் எதுவும் அச்சிடாமல் பேனாவோடு இலவசமாக வரும் கண்ணாடியைப் பயன்படுத்த வேண்டாம்.

உங்கள் கற்பெட்டிக்கு, வலிய லேசருக்குச் செலவிட எண்ணிய தொகையில் 365 நானோமீட்டர் எல்.இ.டி. டார்ச் ஒன்றை வாங்குங்கள். அதன் முன்னால் கறுப்பாகத் தெரியும் வடிகட்டிக் கண்ணாடி பொருத்தியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வடிகட்டி இல்லாத டார்ச்சிலிருந்து கசியும் ஊதாவும் வெள்ளையும் மங்கலான ஒளிர்வை மூழ்கடித்துவிடும். 395 என்று விற்கும் மலிவு டார்ச்சுகள் உங்களிடம் உள்ள லேசருக்குப் பக்கத்து வீடு, அவை புதிதாக அதிகம் காட்டா. அதையும் கண்ணுக்கு நேரே காட்டாமல், புறஊதாவைத் தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்துகொண்டு, விளக்கையெல்லாம் அணைத்து, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் காத்திருந்து, ஒவ்வொரு கல்லாக மேசையில் வையுங்கள். டார்ச்சில் ஒளிர்ந்து லேசரில் ஒளிராத கற்களைத் தனியாகவும், இரண்டிலும் ஒளிர்பவற்றைத் தனியாகவும் எடுத்து வைத்தீர்களானால், எந்தக் கல் எந்த நிறத்தை ஏற்கிறது என்பதற்கான முதல் பதிவு உங்கள் கையில் இருக்கும். இரண்டிலும் ஒளிராதவற்றுக்கு 254 நானோமீட்டர் விளக்கு தேவைப்படலாம். அது தோலையும் கண்ணையும் சுட்டுவிடக்கூடியது என்பதால், அதை வாங்கும் முன் இந்த இரண்டு அடுக்கிலும் என்னென்ன கற்கள் சேர்ந்தன என்று எழுதுங்கள், எந்தக் கல்லுக்கு அது பயன்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.